அண்டை வீட்டார் வேதநூலை அறிவது எப்படி?

கிறித்தவத் திருச்சபைகள் நடத்தும் பள்ளிகளில் நம் சமுதாயப் பிள்ளைகள் பல தலைமுறைகளாகப் பயின்று வருகின்றனர். கிறிஸ்துமஸையொட்டியோ ஆண்டு விழாவின்போதோ, கையடக்கமான புதிய ஏற்பாட்டு நூலொன்று பிள்ளையின் புத்தகப் பையில் வந்து சேர்வதும் புதிதன்று. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியின் மேல்தட்டில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடும் தாய்மார்கள் உண்டு. ஒரு சமயத்தார் போற்றும் நூலை எறிந்துவிட மனம் வருவதில்லை; பிரித்துப் பார்க்கவோ அச்சம். பிள்ளையோ, "உம்மா, இதில் வரும் இயேசுவும் நம் ஈஸா நபியும் ஒருவர்தானா?" என்று கேட்டுவிட்டு விடைக்காகக் காத்து நிற்கிறது. "பேசாமல் போய்ப் படி" என்று அதட்டுவது விடையாகாது. வீட்டில் விடை கிடைக்காத கேள்வியைப் பிள்ளை வேறிடம் கொண்டு செல்லும். அங்கே என்ன விடை கிடைக்கும் என்பதை நாம் அறியோம்.

இவ்வகையில் கலங்கும் பெற்றோருக்காகவே இம்மாதப் பகுதியை ஒதுக்குகிறோம். வாதப் போருக்கு ஆயுதம் தேடுவோர் இதில் ஏமாற்றமடையக்கூடும்.

முதலில் எழும் ஐயம், "நாம் இதைப் படிக்கலாமா?" என்பதே. உமர் (ரலி) அவர்கள் தௌராத்தின் ஏடொன்றைக் கொண்டுவந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறியதாக வரும் அறிவிப்பை எடுத்துக்காட்டி, வேண்டாம் என்போர் உலமாக்களில் உளர். வேதக்காரர்கள் தௌராத்தை எபிரேய மொழியில் ஓதி, முஸ்லிம்களுக்கு அரபியில் விளக்கி வந்தபோது, அவர்களை மெய்ப்படுத்தவும் வேண்டாம், பொய்ப்படுத்தவும் வேண்டாம் என அண்ணலார் பணித்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பனூ இஸ்ராயீலரின் செய்திகளை எடுத்துரைப்பதில் குற்றமில்லை என்னும் அறிவிப்பும் அதே நூலில் உண்டு. இவற்றை ஒருசேர நோக்கிய அறிஞர் பலர், தம் மார்க்கத்தில் அடித்தளம் உறுதிப்படாதவர்க்கு எச்சரிக்கையும், தெளிந்த அறிவுடையோர்க்கு இசைவும் உண்டெனக் கொண்டனர்.

இது நம் காலத்தில் எழுந்த வழக்கன்று. 15ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இமாம் அல்பிகாயீ (ரஹ்) அவர்கள், தமது குர்ஆன் விரிவுரையில் தௌராத்திலிருந்தும் இன்ஜீலிலிருந்தும் பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டினார். அதற்காகப் பெரும் எதிர்ப்பையும் சந்தித்தார். தம் நிலையை விளக்கித் தனி நூலே எழுத நேர்ந்தது. ஹிஜ்ரி 885இல் (கி.பி. 1480) அவர் மறைந்தார். அவரது விரிவுரை இன்றளவும் ஓதப்பட்டு வருகிறது.

இனி நூலுக்குள் செல்வோம்.

திருக்குர்ஆனைக் கையிலெடுத்துப் பழகிய நாம், கிறித்தவ வேதத்தையும் அதே எதிர்பார்ப்புடன் திறக்கிறோம். ஒரே தூதருக்கு, 23 ஆண்டுக் காலத்தில், ஒரே மொழியில் அருளப்பட்ட இறைவாக்கு என்பதே வேதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழும் வடிவம். தடுமாற்றம் தொடங்குமிடம் அதுவே. விவிலியம் என்னும் சொல்லின் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு 'நூல்கள்' என்று பன்மையில் பொருள். ஓர் அட்டைக்குள் அடங்கிய நூலகம் என்று அதனைக் கொள்வதே பொருந்தும். புரோட்டஸ்டண்ட் சபையார் 66 நூல்களையும், கத்தோலிக்கர் 73 நூல்களையும் ஏற்கின்றனர். தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலிய நூல்கள் ஒரு சாராரிடம் இருப்பதும் மற்றவரிடம் இல்லாதிருப்பதும் இதனாலேயே. அண்டை வீடுகள் இரண்டில் இரு பருமனில் விவிலியம் இருக்கக் கண்டால் வியக்க வேண்டியதில்லை.

பழைய ஏற்பாடு என்பது பெரும்பாலும் எபிரேய மொழியிலும், சிறு பகுதி அராமிக் மொழியிலும் அமைந்தது; யூதர்களின் வேதமும் அதுவே. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை. ஈஸா (அலை) அவர்களின் வாழ்வைக் கூறும் சுவிசேஷங்கள் நான்கு, அவர்களுக்குப் பின் தொண்டர்கள் ஆற்றிய பணிகளைக் கூறும் வரலாறு ஒன்று, கடிதங்கள் 21, உருவகக் காட்சிகள் நிறைந்த வெளிப்படுத்தின விசேஷம் ஒன்று. இந்த 27 என்னும் பட்டியல் இன்றுள்ள வடிவில் முழுமையாகக் காணப்படுவது கி.பி. 367இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய மடலில்தான். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்பாரால் வகுக்கப்பட்டவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551இல் ராபர்ட் எத்தியேன் என்னும் அச்சக அறிஞர் இட்டார். ஆகவே ஒரு வசனத்தை அதன் எண்ணோடு மட்டும் பிய்த்தெடுத்து நோக்குவது, மூல ஆசிரியர் அறியாத ஒரு முறையாகும். வாக்கியத்தின் நடுவிலேயே வெட்டுண்டு நிற்கும் வசன எண்களும் உண்டு.

இன்ஜீல் என்று திருக்குர்ஆன் கூறுவதும், கிறித்தவர் கையிலுள்ள நான்கு சுவிசேஷங்களும் ஒன்றா என்பது அடுத்த வினா. இன்ஜீல் என்னும் சொல்லும், நற்செய்தி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் ஒரே வேரினவே. ஆயின் கருத்து வேறுபடுகிறது. ஈஸா (அலை) அவர்களுக்கு இறைவன் அருளிய வேதம் இன்ஜீல் என்பது நம் நம்பிக்கை. கிறித்தவரோ, இயேசுவுக்கு ஒரு நூல் இறங்கியது என்று நம்புவதே இல்லை. அவரே இறைவனின் வார்த்தை, அவரைப் பற்றிய சாட்சியமே சுவிசேஷம் என்பது அவர்கள் கொள்கை. "உங்கள் வேதத்தை உங்கள் நபியே எழுதவில்லையே!" என்று நம்மவர் ஒருவர் வெற்றிக் களிப்போடு கேட்கும்போது, எதிரிலிருக்கும் கிறித்தவர் விழிப்பது விடை தெரியாமையால் அன்று; கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

லூக்காவின் முதல் நான்கு வசனங்களைப் படித்தால் இது தெளிவாகும். தமக்கு முன் பலர் இவ்வரலாற்றை எழுத முயன்றதையும், தாம் யாவற்றையும் விசாரித்தறிந்து ஒழுங்காக எழுதுவதையும், தெயோப்பிலு என்பவரின் பொருட்டு எழுதுவதையும் ஆசிரியரே கூறிவிடுகிறார். நம் மரபிலிருந்து ஒப்புமை தேடினால், குர்ஆனைவிட ஸீரா எனப்படும் வாழ்க்கை வரலாற்று நூல்களுக்கே சுவிசேஷங்கள் நெருங்கியவை. இது விளங்கிக்கொள்வதற்கான ஒப்புமை மட்டுமே. அறிவிப்பாளர் தொடர் ஒன்றும் சுவிசேஷங்களில் இல்லை என்பதை ஹதீஸ் கலை அறிந்தோர் உடனே கண்டுகொள்வர்.

நான்கினுள் மாற்கு மிகச் சிறியது, 16 அதிகாரங்களே. காலத்தால் முந்தியதும் அதுவே என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் முடிவு. ஈஸா (அலை) அவர்கள் பேசியது அராமிக் மொழி. கிரேக்கத்தில் எழுதிய மாற்கு, அம்மொழிச் சொற்கள் சிலவற்றை அப்படியே விட்டு வைத்திருக்கிறார். 5ஆம் அதிகாரத்தில், இறந்துபோன சிறுமியின் கையைப் பிடித்துச் சொன்ன 'தலீத்தா கூமி' என்பதில், எழுந்திரு என்று பெண்ணை நோக்கிக் கூறும் அரபுச் சொல்லான 'கூமீ' அப்படியே ஒலிக்கக் கேட்கலாம். 7ஆம் அதிகாரத்தில், செவிடனின் காதைத் தொட்டுக் கூறிய 'எப்பத்தா' என்பதற்குத் 'திறக்கப்படுக' என்று பொருள். நாம் நாள்தோறும் தொழுகையில் ஓதும் ஃபாத்திஹாவின் வேர்ச்சொல்லுக்கு அது உடன்பிறப்பு. மொழியறிந்த ஆலிம்கள் நம் மதரஸாப் பிள்ளைகளுக்கு இதனைக் காட்டலாகாதா என்று பலமுறை எண்ணியதுண்டு.

தமிழில் படிக்கப் புகுவோர்க்கு இன்னொரு முட்டுக்கட்டை, பெயர்கள். விவிலியம் அச்சேறிய முதல் இந்திய மொழிகளில் நம் தமிழ் முன் நிற்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சிடப்பட்டது. பின்னர் பெப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பும், 1871இல் போவர் தலைமையிலான குழுவினரின் மொழிபெயர்ப்பும் வந்தன. புரோட்டஸ்டண்ட் இல்லங்களில் மிகுதியும் வழங்குவது பின்னதன் வழி வந்ததே. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். முன்னதில் ஆதியாகமம் எனப்படுவது பின்னதில் தொடக்க நூல். சங்கீதம் திருப்பாடல்கள் ஆகிறது. இவை இரு வேறு நூல்கள் என எண்ணி மயங்கியவர்கள் உண்டு. நபிமார்களின் பெயர்களை நாம் அரபு ஒலியில் வழங்க, அவர்கள் எபிரேய, கிரேக்க ஒலிகளின் சாயலில் வழங்குகின்றனர். நூஹ் அங்கே நோவா, அய்யூப் யோபு, யூனுஸ் யோனா, இல்யாஸ் எலியா. யஹ்யா (அலை) அவர்கள் யோவான் ஸ்நானகன் என அழைக்கப்படுகிறார். நான்காம் சுவிசேஷத்துக்குரியவராகக் கூறப்படும் யோவான் வேறொருவர். இதனை முதலிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுவது நலம்.

எங்கே தொடங்குவது? முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கியவர்கள், யாத்திராகமத்தைத் தாண்டி லேவியராகமத்தின் பலிச் சட்டங்களில் சோர்ந்து நூலை மூடிவிடுவதே வழக்கம். கிறித்தவ அன்பர்களுக்கும் இதே அனுபவந்தான். நமக்குத் தெரிந்த கதையிலிருந்து புறப்படுவது எளிது.

ஆதியாகமம் 37ஆம் அதிகாரம் முதல் 50 வரை, யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு. (இடையில் வரும் 38ஆம் அதிகாரம் வேறு நிகழ்ச்சி, பிள்ளைகளுடன் படிப்போர் அதனைத் தாண்டிச் செல்லலாம்.) ஸூரா யூஸுஃபின் 111 வசனங்களை ஒரு கையில் வைத்துக்கொண்டு இதனைப் படித்துப் பாருங்கள். ஆதியாகமத்தில் தந்தை யாக்கோபே மகனைச் சகோதரர்களிடம் அனுப்புகிறார். ஐயம் ஏதும் அவருக்கில்லை. குர்ஆனிலோ சகோதரர்கள் வந்து கேட்கின்றனர். ஓநாய் தின்றுவிடுமோ என்று தந்தை முன்கூட்டியே அஞ்சுகிறார். இரத்தம் தோய்ந்த ஆடை வந்தபோது, அங்கே தந்தை விலங்கு கொன்றதென நம்பித் துக்கம் காக்கிறார். இங்கே யஃகூப் (அலை) அவர்கள் பொய்யை உணர்ந்து அழகிய பொறுமையை மேற்கொள்கிறார்கள்.

எஜமானியின் நிகழ்ச்சியிலும் இரு நூல்களிலும் ஆடைதான் சாட்சி. ஆதியாகமத்தில் அவள் பற்றியிழுத்த ஆடையை விட்டுவிட்டு யோசேப்பு ஓடுகிறார். அந்த ஆடையையே காட்டி அவள் அவர்மீது பழி சுமத்துகிறாள். குர்ஆனில் சட்டை பின்புறம் கிழிந்திருப்பது அவரது தூய்மையை நிலைநாட்டுகிறது. ஒன்றில் ஆடை பொய்ச்சாட்சி, மற்றொன்றில் மெய்ச்சாட்சி. அத்தோடு, தந்தையின் பார்வையை மீட்டுத் தரும் மூன்றாவது சட்டையும் குர்ஆனில் உண்டு. ஆதியாகமத்தில் அது இல்லை. ஆனால் ஆதியாகமத்தின் 44ஆம் அதிகாரத்தில், இளைய சகோதரன் பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளுமாறு யூதா மன்றாடும் நீண்ட பேச்சைக் குர்ஆனில் காணவியலாது. தம்பியை விற்க யோசனை கூறிய அதே யூதா இப்போது தம்பிக்காகத் தன்னை விற்க முன்வருகிறான். அண்ணன் தம்பிப் பிணக்கு இல்லாத குடும்பம் எது? அப்பகுதியைப் படித்துக் கண் கலங்கினால் ஈமானுக்குக் குறை நேராது.

இவ்வாறு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, குர்ஆன் ஒரு கதையை எதற்காக எடுத்துரைக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது முன்னைவிடக் கூர்மையாகப் புலப்படுகிறது. பெயர், வயது, வெள்ளிக்காசின் எண்ணிக்கை, ஊர் என்று ஆதியாகமம் விவரங்களைச் சேர்த்துக்கொண்டே செல்கிறது. இஸ்ராயீல் குடும்பம் எகிப்துக்கு வந்த வரலாற்றைச் சொல்வது அதன் நோக்கம். குர்ஆன் விவரங்களைக் களைந்து, சோதனையில் நிற்கும் ஓர் அடியாரை நம் முன் நிறுத்துகிறது.

லூக்காவின் முதல் அதிகாரத்தை ஸூரா மர்யமின் தொடக்கத்தோடு வைத்துப் படிக்கலாம். முதிய ஸகரிய்யா (அலை), மலடியான மனைவி, பேச இயலாமை என்னும் அடையாளம் யாவும் இரண்டிலும் உள. குர்ஆனில் அது மூன்று இரவுகள். லூக்காவில் வானவரின் சொல்லை நம்பாததற்காகக் குழந்தை பிறந்து பெயர் சூட்டும் நாள்வரை. ஈஸா (அலை) அவர்கள் தொட்டிலில் பேசியதும், களிமண் பறவைக்கு உயிர் வந்ததும் நான்கு சுவிசேஷங்களில் இல்லை. அவற்றிலுள்ள சிலுவை மரணத்தையும் இறைமகன் என்னும் கொள்கையையும் குர்ஆன் மறுக்கிறது. இவ்வேறுபாடுகளைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டியதில்லை. "ஆம், ஒருவரைப் பற்றித்தான் இருவரும் பேசுகிறோம், அவர் கன்னித் தாய்க்குப் பிறந்தவர், அற்புதங்கள் செய்தவர் என்பதில் ஒத்திருக்கிறோம், அவர் இறைவனின் அடியாரும் தூதருமே என்று நாம் நம்புகிறோம், அவர்கள் அதற்கு மேலும் நம்புகிறார்கள்" என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்குப் போதும்.

தஹ்ரீஃப், அதாவது முந்தைய வேதங்களில் நேர்ந்த மாற்றம் பற்றி ஒரு சொல். மாற்றம் சொல்லில் நிகழ்ந்ததா, பொருள் கொள்வதில் நிகழ்ந்ததா என்பதில் நம் அறிஞரிடையே ஒரே கருத்து இருந்ததில்லை. 1854இல் ஆக்ராவில் மௌலானா ரஹ்மதுல்லாஹ் கைரானவி (ரஹ்), பாதிரியார் ஃபாண்டருடன் இரு நாட்கள் நடத்திய வாதம் புகழ்பெற்றது. ஐரோப்பிய விவிலிய ஆய்வு நூல்களை டாக்டர் வஸீர் கான் முன்பே திரட்டித் தந்திருந்தமையால், மூலப்படிகளில் வேறுபாடுகள் உண்டு என்பதைப் பாதிரியார் அங்கேயே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எட்டே ஆண்டுகள் கழித்து, 1862இல், காஸிப்பூரிலிருந்து ஸர் ஸையித் அஹ்மத் கான் முற்றிலும் வேறொரு வழியில் நடந்தார். ஒரு முஸ்லிமின் நோக்கிலிருந்து விவிலியத்துக்கு விரிவுரை எழுதத் தொடங்கி, உருதுவையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் இரு பத்திகளாக அச்சிட்டார். மாற்றம் பெரும்பாலும் பொருள் கொள்வதிலேயே என்பது அவர் துணிபு. ஆதியாகமத்தில் 11 அதிகாரங்களும் மத்தேயுவில் 5 அதிகாரங்களும் முடிந்த நிலையில் அப்பணி நின்றுவிட்டது. அவர் முடிபுகள் பலவற்றை ஏற்காதோரும், அந்த உழைப்பை மதிக்கலாம். கைரானவி வழியில் நடப்பதாக எண்ணும் மேடைப் பேச்சாளர்கள், அவர் எத்தனை நூல்களைக் கற்றபின் வாதத்துக்கு அமர்ந்தார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

மூலப்படி வேறுபாடுகளைக் கிறித்தவ அறிஞர் இன்று மறைப்பதும் இல்லை. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் மாற்கு 16ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் இல்லை. யோவானில் விபசாரப் பெண் மன்னிக்கப்படும் நிகழ்ச்சியும் இல்லை. புதிய மொழிபெயர்ப்புகள் இவற்றை அடைப்புக்குறிக்குள் இட்டோ அடிக்குறிப்புத் தந்தோ அறிவிக்கின்றன. யோவானின் முதல் கடிதம் 5:7இல் பழைய மொழிபெயர்ப்புகளில் வரும் மூவர் சாட்சியம் பற்றிய தொடர், புதியனவற்றின் மூலபாடத்தில் இடம்பெறுவதில்லை. ஆதலால் அடிக்குறிப்பும், ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரையும் உள்ள பதிப்பையே தேர்ந்துகொள்க. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் இவை உண்டு. யார் எழுதியதாகக் கருதப்படுகிறது, யாருக்காக, எச்சூழலில் என்பவற்றை முன்னுரையில் அறிந்தபின் நூலுக்குள் சென்றால் பாதிச் சிக்கல் தீரும்.

எவ்வகை எழுத்து என்பதையும் காண வேண்டும். உன்னதப்பாட்டு காதற் கவிதை. அதைச் சட்ட நூலாக எண்ணி எள்ளுவது நம் இலக்கிய அறிவுக்கே இழுக்கு. வெளிப்படுத்தின விசேஷம் உருவகங்களின் காடு, கடைசியில் படிக்கலாம். பவுல் பெயரால் வழங்கும் 13 கடிதங்களும் பிறர்க்கு எழுதிய மடல்கள் என்பதை மறவாதீர். ஈஸா (அலை) அவர்களின் வாழ்நாளில் அவர் சீடராக இருந்தவர் அல்லர். எனினும் அவருடைய மடல்களில் சில, நான்கு சுவிசேஷங்களுக்கும் முந்தியவை என்பர் ஆய்வாளர். பிலேமோனுக்கு எழுதிய கடிதம் 25 வசனங்களே கொண்டது. ஒரு தேநீர் அருந்தும் நேரத்தில் முடித்துவிடலாம். எஜமானனைப் பிரிந்து வந்த ஒநேசிமு என்னும் அடிமையை, அடிமையாக அன்றிச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பரிந்துரைக்கும் மடல் அது.

புரியாத இடம் வந்தால் அண்டை வீட்டுக் கிறித்தவச் சகோதரியிடமே கேட்கலாம்; அவர் மகிழ்ந்து விளக்குவார். நம் திருமறையைப் பற்றி அவர் ஏதேனும் கேட்டால் விளக்குவதற்கு நாமும் அன்றே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

தாவூத் (அலை) அவர்களின் ஸபூரும், 150 பாடல்கள் கொண்ட சங்கீத நூலும் எவ்வகையில் தொடர்புடையன என்பதை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் காண்போம்.